ஜவ்வு கிழிஞ்சிருச்சா... உடனே ஆபரேஷனா?

"டாக்டர், முட்டியில ஜவ்வு கிழிஞ்சு போச்சாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்னு நாள் குறிச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடி உங்களை ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு வந்தேன்!"

சொல்லிக்கொண்டே பெரிய பிளாஸ்டிக் கவர் ஒன்றை என் மேஜை மேல் வைத்தார் அந்த அம்மா. வயது 52. பள்ளிக்கூட டீச்சர். கவருக்குள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படம், ரிப்போர்ட், ஆஸ்பத்திரி கொடுத்த செலவுக் கணக்கு எல்லாம் இருந்தது. பணத்துக்காகச் செயினை அடகு வைத்தாகி விட்டதாம்.

"விழுந்தீங்களாம்மா? கால் பிசகிச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை டாக்டர். ஆறு மாசமா வலி. படி இறங்கும்போதுதான் அதிகம்."

"காலை முழுசா நீட்ட முடியுதா? மடக்கும்போது பூட்டுப் போட்ட மாதிரி அப்படியே நின்னுடுதா?"

"இல்லையே. நீட்டறேன், மடக்கறேன். வலியோட செய்யறேன், அவ்வளவுதான்."

ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சித்த வைத்தியரிடம் வருகிற பாதிப் பேர் அதைக் கேட்கத்தானே வருகிறார்கள்! ஆனால் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த 'ஜவ்வு' விவகாரத்தைப் பார்ப்போம். நம் ஊரில் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு இந்த ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். எலும்பின் நுனியில் வழவழவென்று மூடியிருக்கும் குருத்தெலும்பு ஒன்று. 'ஜவ்வு தேஞ்சு போச்சு' என்றால் அது இதுதான். எலும்பையும் எலும்பையும் கயிறு போல் இழுத்துக் கட்டியிருக்கும் தசைநார் இன்னொன்று. கிரிக்கெட், ஃபுட்பால் வீரர்களுக்கு 'ஏ.சி.எல். போச்சு' என்று பேப்பரில் வருமே, அது இந்த நார். மூன்றாவதுதான் நாம் பேசப்போவது. அதன் பெயர் மெனிஸ்கஸ். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில், உள்பக்கம் ஒன்று வெளிப்பக்கம் ஒன்றாக, பிறை நிலா வடிவத்தில் இரண்டு மெத்தைகள். முழங்காலில் இறங்கும் பாரத்தில் ஏறக்குறைய பாதியைத் தாங்குவது இந்த மெத்தைகள்தான்.

உங்களுக்குக் கிழிந்திருப்பது இந்த மூன்றில் எது என்று டாக்டரிடம் கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'ஜவ்வு' என்று சொல்லிக்கொண்டு வருகிற பத்துப் பேரில் நாலைந்து பேருக்கு எந்த ஜவ்வு என்றே தெரிவதில்லை. அது தெரியாமல் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்!

அடுத்து, அதைவிட முக்கியமான ஒரு கேள்வி. தைக்கப் போகிறார்களா, வெட்டப் போகிறார்களா?

கீஹோல் ஆபரேஷன் என்றால் முட்டியில் இரண்டு சின்னத் துளை. ஒன்றில் கேமரா, இன்னொன்றில் கருவி. 'கிழிஞ்ச ஜவ்வை சரி பண்ணிட்டாங்க' என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறோம். சரி பண்ணியது எப்படி? கிழிந்த ஓரத்தைச் சேர்த்துத் தைத்தார்களா, இல்லை கிழிந்த துண்டை நறுக்கி எடுத்தார்களா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! சட்டை கிழிந்தால் தைப்பதும் ஒன்று, கிழிந்த பகுதியைக் கத்தரித்து விடுவதும் ஒன்றா?

எல்லாக் கிழிசலையும் தைக்க முடியாது. காரணம் ரத்தம். இந்த மெத்தையின் வெளி ஓரத்தில் மட்டும்தான் ரத்த ஓட்டம் உண்டு. உள்பக்கம் போகப் போகக் கிடையாது. ரத்தம் இல்லாத இடத்தில் தையல் போட்டால் ஒட்டுவது கடினம். அதனால் இளவயசுக்காரருக்கு, அடிபட்டு, ஓரத்தில் நீளமாகக் கிழிந்திருந்தால் தைப்பார்கள். ஐம்பது வயதில் நைந்துபோய், உள்பக்கம் நார் நாராகப் பிரிந்திருந்தால் தைக்க ஒன்றும் இருக்காது. நறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

தைப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. நறுக்கி எடுத்தவர் ஒன்றிரண்டு நாளில் நடக்க ஆரம்பித்துவிடுவார். தைத்தவருக்குச் சில வாரங்கள் ஊன்றுகோல், முட்டியை மடக்கக் கட்டுப்பாடு, சில மாதங்களுக்குக் குந்தி உட்காரக் கூடாது, விளையாட்டுக்குத் திரும்ப நாலு, ஆறு மாதம். அப்படிக் காத்திருந்தும் எல்லாருக்கும் ஒட்டிவிடுவதில்லை. ஐந்து வருடம் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தையல் பலன் தராமல் போயிருக்கிறது. 'எனக்கு எது சீக்கிரம் சரியாகுமோ அதைப் பண்ணுங்க' என்று டாக்டரை அவசரப்படுத்துகிறவர்கள் இருபது வயதுப் பையன்களாக இருந்தால், அவர்களைப் பெற்றவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மெத்தை போனால் போனதுதான். திரும்ப முளைக்காது.

ஒரு வேடிக்கை தெரியுமா? தைப்பது ஒன்றும் நேற்று வந்த யோசனை இல்லை. 1883லேயே எடின்பரோவில் தாமஸ் அன்னண்டேல் என்ற சர்ஜன் முட்டியைத் திறந்து இந்த மெத்தையைத் தைத்திருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, 'இது வேண்டாத மிச்சம், எடுத்தால் ஒன்றும் ஆகாது' என்று முழுசாகவே பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார்கள். 1948ல் ஃபேர்பேங்க் என்ற ஆங்கிலேய சர்ஜன், இப்படி எடுத்த முட்டிகளை எக்ஸ்ரேயில் பார்த்து, எலும்புகள் மாறத் தொடங்கியிருப்பதை எழுதினார். அதற்குப் பிறகும் பழக்கம் உடனே மாறிவிடவில்லை. ஜப்பானில் 1918ல் டகாகி என்பவர் பிணத்தின் முட்டிக்குள் சிறுநீர்ப்பை பார்க்கும் குழாயை விட்டுப் பார்த்து ஆரம்பித்ததை, அவருடைய சீடர் வாட்டனாபே வளர்த்து, 1962ல் குழாய் வழியாகவே கிழிந்த துண்டை மட்டும் எடுத்துக் காட்டினார். முழுசாகப் பிடுங்குவதற்குப் பதில் கிழிந்ததை மட்டும் நறுக்குவது பெரிய முன்னேற்றம்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

சரி, டீச்சரம்மா விஷயத்துக்கு வருவோம். அடிபடவில்லை. பூட்டிக்கொள்ளவில்லை. வயது 52. ஸ்கேனில் உள்பக்க மெத்தையின் பின்பகுதியில் கிழிசல். நறுக்கப் போகிறார்கள். பலன் எப்படி இருக்கும்?

இதற்குப் பதில் தேடி வெளிநாட்டில் எலும்பு டாக்டர்களே ஆய்வு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில், முட்டி வலி உண்டா இல்லையா என்று பார்க்காமல், 50 முதல் 90 வயது வரை உள்ள 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2008ல் முடிவு வந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கிழிசல் இருந்தது! அவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதத்தில் முட்டியில் வலியோ இறுக்கமோ எதுவுமே இல்லை. தலை நரைப்பது மாதிரி மெத்தையும் வயதாகிக் கிழிகிறது. உங்கள் ஸ்கேனில் கிழிசல் தெரிவது உண்மை. உங்கள் வலி அந்தக் கிழிசலிலிருந்துதான் வருகிறது என்பது சந்தேகம்.

இதைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஃபின்லாந்து ஆய்வு. 2013ல் வெளியானது. ஐந்து ஆஸ்பத்திரிகள், 35 முதல் 65 வயதுக்குள் 146 நோயாளிகள். எல்லாருக்கும் வயதால் வந்த கிழிசல். மூட்டுத் தேய்மானம் இல்லாதவர்கள். எல்லாரையும் தியேட்டருக்குள் கொண்டுபோய், கேமராவை விட்டு உள்ளே பார்த்தார்கள். பிறகு ஒரு கவரைப் பிரித்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி 70 பேருக்கு நிஜமாகவே கிழிசலை நறுக்கினார்கள். மிச்சம் 76 பேருக்கு... நாடகம்! நர்ஸிடம் அதே கருவிகளைக் கேட்டு வாங்கினார்கள். முட்டியை அப்படி இப்படி ஆட்டினார்கள். உறிஞ்சும் குழாய் சத்தம் போட்டது. பிளேடு இல்லாத கருவியை வெளியிலிருந்து முட்டிச் சிப்பியின் மேல் வைத்து அழுத்தினார்கள். அதே நேரம் வரை தியேட்டரில் வைத்திருந்து அனுப்பினார்கள். எதைச் செய்தார்கள் என்று நோயாளிக்கும் தெரியாது. பின்னால் பரிசோதித்தவர்களுக்கும் தெரியாது. நோயாளிகள் எல்லாரும் இதற்கு முன்கூட்டியே சம்மதித்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் வலி குறைந்திருந்தது. கிட்டத்தட்ட ஒரே அளவு! நிஜ ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் திருப்தி, நாடகம் பார்த்துவிட்டு வந்தவர்களும் திருப்தி.

உடற்பயிற்சியோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். நார்வேயில் 140 பேர். பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு 12 வாரம் பயிற்சி. 2016ல் வெளியான முடிவில், இரண்டு வருடம் கழித்து வலியில் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் 351 பேர், நெதர்லாந்தில் 321 பேர் என்று வைத்துச் செய்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் நின்றன. 2017ல் பி.எம்.ஜே. பத்திரிகையில் கூடிய நிபுணர் குழு, தேய்மானமும் வயதுக் கிழிசலும் உள்ள முட்டிகளுக்குக் கீஹோல் ஆபரேஷன் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்லிவிட்டது.

உடனே சந்தோஷப்பட்டு, 'பார்த்தீர்களா, இங்கிலீஷ் வைத்தியத்தின் லட்சணத்தை!' என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? அந்த ஃபின்லாந்து டாக்டர்கள் தங்கள் தொழிலையே தராசில் நிறுத்தி, எடை குறைவு என்று தாங்களே ஊருக்குச் சொன்னார்கள். நான் என் தைலத்தை அப்படி நிறுத்தியதுண்டா? இத்தனை வருடமாக முழங்கால் வலிக்காரர்களுக்குத் தைலமும் ஒற்றடமும் பற்றும் கொடுத்து வருகிறேன். 'உங்க கைராசி டாக்டர், ஆறே மாசத்துல சரியாப் போச்சு' என்று பழம், வெற்றிலையோடு வந்து சொன்னவர்கள் உண்டு. பாதி என் மருந்தாலா, பாதி காலத்தாலா? நம்பிக்கையோடு ஒருவர் தொட்டுப் பார்த்ததாலேயே குறைந்ததா? நாடக ஆபரேஷனாலேயே வலி குறைகிறது என்றால், என் அறையில் குறைந்த வலிக்கெல்லாம் நான் எப்படி உரிமை கொண்டாட முடியும்? இதை எழுதுவதால் என் சக வைத்தியர்கள் சிலர் கோபித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது, டீச்சரம்மாவிடம் சட்டென்று 'வேண்டாம்' சொல்லாத காரணத்துக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 22 வயது. கபடி ஆடும்போது கால் ஊன்றியபடியே உடம்பு திரும்பிவிட்டது. முட்டி பானை மாதிரி வீங்கியிருந்தது. காலை முழுசாக நீட்ட முடியவில்லை. கொஞ்சம் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டது. "கத்தி வைக்காம குணப்படுத்திடுங்கய்யா" என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் அதில் ஒரு பெருமை. "விடுங்க, பார்த்துக்கறேன்" என்றேன். பற்று போட்டேன். கட்டுப் போட்டேன். வீக்கம் வடிந்தது. அப்பா எல்லாரிடமும் என்னைப் புகழ்ந்தார். ஆனால் கால் நீளவில்லை. "நரம்பு இறுகியிருக்கு தம்பி, தைலம் தேய்ச்சு நடந்தா சரியாகிடும்" என்று இரண்டு மாதம் ஓட்டினேன்.

கடைசியில் எலும்பு டாக்டரிடம் போனார்கள். கிழிந்த மெத்தை வாளியின் கைப்பிடி மாதிரி புரண்டு, மூட்டுக்கு நடுவில் சிக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் பூட்டு! கிழிந்தது ரத்த ஓட்டமுள்ள ஓரத்தில். சீக்கிரம் வந்திருந்தால் தைத்திருக்கலாம் என்றாராம் டாக்டர். இரண்டு மாதம் அதன் மேலேயே நடக்க வைத்ததில் அது நசுங்கிக் கந்தலாகிவிட்டது. நறுக்கி எடுத்துவிட்டார்கள். கால் நீண்டது. ஆனால் 22 வயதில் மெத்தையின் பெரும்பகுதி போய்விட்டது. அந்த அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதனால்தான் இப்போது யார் வந்தாலும் முதலில் கேட்கிறேன்: முழுசா நீட்ட முடியுதா? அடிபட்டு முட்டி நீளாமல் பூட்டிக்கொண்டால், அடிபட்ட சில மணி நேரத்துக்குள் முட்டி பெரிதாக வீங்கினால், நடக்கும்போது கால் வழுக்கி வழுக்கி விட்டுக்கொடுத்தால், அங்கே எனக்கு வேலையில்லை. எண்ணெய் போட்டு முறுக்கி இழுக்கிற யாருக்குமே வேலையில்லை. எலும்பு டாக்டரிடம் போங்கள், நாள் கடத்தாமல் போங்கள். குந்தி எழும்போது முட்டியின் பின்பக்கம் 'டப்' என்று சத்தம் கேட்டு, அன்றிலிருந்து தாங்க முடியாத வலி என்றாலும் அப்படித்தான். மெத்தை எலும்போடு பிடித்திருக்கும் வேரே அறுந்திருக்கலாம். ஐம்பது வயதுக்காரர்களுக்கும் இது வரும். இதை வயதுக் கிழிசலோடு சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது.

டென்மார்க்கில் 18 முதல் 40 வயது வரை உள்ள 121 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2022ல் வந்த முடிவில், உடனே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் பயிற்சியில் ஆரம்பித்தவர்களுக்கும் ஒரு வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சியில் ஆரம்பித்தவர்களில் நாலில் ஒருவர் பிறகு ஆபரேஷனுக்குப் போனார்கள். ஆனால் இதை வைத்துக்கொண்டு பூட்டிக்கொண்ட முட்டிக்கும் பயிற்சி போதும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அந்தக் கணக்கு வேறு.

டீச்சரம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான். "நாளைக்கே போய் உங்க சர்ஜன்கிட்ட கேளுங்க. தைக்கப் போறீங்களா, நறுக்கப் போறீங்களா? மூணு மாசம் பயிற்சி செஞ்சு பார்த்துட்டு வந்தா ஏதாவது கெட்டுப்போகுமா?" போய்க் கேட்டிருக்கிறார். "நறுக்கத்தான் வேண்டியிருக்கும். மூணு மாசம் தள்ளிப்போட்டா தப்பில்லை, செஞ்சு பாருங்க" என்று அந்த சர்ஜனே சொல்லிவிட்டார். கேட்காததால்தான் முன்பு சொல்லவில்லை! இந்த மாதிரிக் கிழிசலில் காத்திருந்து பிறகு ஆபரேஷனுக்குப் போனவர்களுக்கும், முதலிலேயே செய்துகொண்டவர்கள் அளவுக்குப் பலன் கிடைத்ததாக அந்த அமெரிக்க ஆய்வும் சொல்கிறது.

பயிற்சி என்றதும் ஜிம் என்று பயப்படாதீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, தொடைச் சதையை இறுக்கி, பத்து எண்ணிவிட்டு மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தடவை. அது பழகியதும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. அதுவும் பழகியதும், வாசல்படியில் ஒரே ஒரு படி ஏறி இறங்குவது. முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து சரி பார்த்துக்கொள்ளுங்கள். நார்வேயில் வாரம் இரண்டு மூன்று நாள் வீதம் 12 வாரம் செய்தார்கள். இங்கே நாலு நாள் செய்துவிட்டு 'ஒண்ணும் தெரியலையே டாக்டர்' என்கிறார்கள்! செய்த மறுநாள் முட்டி வீங்கினால் அளவைக் குறையுங்கள். உடம்பு எடை அதிகம் உள்ளவர்கள் ராத்திரி சாப்பாட்டில் ஒரு கை குறைத்தாலும் முட்டிக்கு நல்லது.

தைலம்? கேட்பீர்கள் என்று தெரியும். பயிற்சிக்கு முன்னால் இளஞ்சூட்டில் தடவி ஒற்றடம் கொடுத்தால் இறுக்கம் தளர்ந்து செய்ய சுலபமாக இருக்கிறது என்கிறார்கள். அதற்காகக் கொடுக்கிறேன். கிழிந்த மெத்தையைத் தைலம் ஒட்ட வைக்கும் என்று யாராவது சொன்னால், அது நானாகவே இருந்தாலும், நம்பாதீர்கள்.

டீச்சரம்மா மூன்று மாதம் விடாமல் செய்தார். வலி முழுசாகப் போகவில்லை. மாடி இறங்கும்போது இன்னமும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். ஆனால் ஆபரேஷன் பேச்சை எடுப்பதில்லை. இன்னொருவர், பஸ் கண்டக்டர், அவரும் இதே மாதிரி மூன்று மாதம் செய்தும் பலன் இல்லாமல் ஆபரேஷனுக்குப் போனார். இப்போது நன்றாக இருக்கிறார். அவரை நானேதான் கடிதம் கொடுத்து அனுப்பினேன்.

அவரிடம் சொல்லி அனுப்பியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கீஹோல் ஆபரேஷனில் பெரிய ஆபத்து அபூர்வம். இங்கிலாந்தில் லட்சக்கணக்கான ஆபரேஷன்களைக் கணக்கெடுத்ததில், மூன்று மாதத்துக்குள் கடுமையான பாதிப்பு வந்தது ஆயிரத்துக்கு மூன்று பேருக்குத்தான். அந்த மூன்றில் காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போவதும் ஒன்று. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு கெண்டைக்கால் வீங்கி, கல் மாதிரி வலித்தால், 'வாயுப் பிடிப்பு' என்று எண்ணெய் போட்டு நீவி விடாதீர்கள். மூச்சுத் திணறினாலோ, முட்டி சிவந்து சுட்டு ஜுரம் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரியானாலும் ஆட்டோ பிடித்து ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போங்கள். அந்தக் காலை எடுத்துக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.